பெயருக்குப் பின்னால் டி.ஓ.: அமெரிக்காவில் முதல் டாக்டரைத் தேடுகிறவர்களுக்கு

நம் ஊரில் கண் டாக்டர் கிளினிக் பலகையில் 'எம்.பி.பி.எஸ்., டி.ஓ.' என்று எழுதியிருக்கும். அங்கே டி.ஓ. என்றால் கண் மருத்துவத்தில் டிப்ளமா. மிச்சிகன் வந்த முதல் மாதம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் பட்டியலைத் திறந்தேன். குடும்ப மருத்துவர் என்ற தலைப்பின் கீழே பெயருக்குப் பெயர் டி.ஓ. இந்த ஊரில் இத்தனை பேருக்கா கண் கோளாறு என்று நினைத்தேன். பிறகு விரிவைப் படித்தால் 'ஆஸ்டியோபதிக்' என்றிருந்தது. ஆஸ்டியோ என்றால் எலும்பாயிற்றே, அப்படியானால் எலும்பு டாக்டர்களா? அல்லது பதி என்று முடிவதால் ஹோமியோபதிக்கு ஏதாவது ஒன்றுவிட்ட தம்பியா?

மூன்றுமே தப்பு. அது தெரியாமல் எம்.டி. போட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்கி, புதுப் பேஷன்ட்டுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் இடம் என்று சொன்ன ஒருவரிடம் பெயர் பதிந்துவைத்தேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில், அடுத்த செவ்வாய்க்கிழமையே பார்க்கத் தயாராக ஒரு டி.ஓ. இருந்தார். ஊரில் அம்மா வேறு, "எலும்பு டாக்டர்கிட்ட போய் ஜுரத்துக்கு மருந்து கேப்பியாடா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படிச் சொல்லிவைத்ததே நான்தான்.

புதிதாக வந்திருக்கிறவர்கள் அந்த ஏழு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எழுத்துகளைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்

அமெரிக்காவில் முழு டாக்டர் ஆவதற்கு இரண்டு பட்டங்கள் உண்டு: எம்.டி., டி.ஓ. இரண்டில் எது இருந்தாலும் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம், பிரசவம் பார்க்கலாம், ஐ.சி.யூ.வை நடத்தலாம். சட்டப்படி இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்ற அதிகாரம் எதுவும் கிடையாது. நாட்டின் டாக்டர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் டி.ஓ. இப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல்.

எம்.டி. என்ற எழுத்திலும் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. இந்தியாவில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேலும் படித்தவர். "எம்.டி. படிச்ச டாக்டரா பாரு" என்று பெரியவர்கள் சொல்வது அந்த அர்த்தத்தில். இங்கே எம்.டி. என்பது முதல் மருத்துவப் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். நிற்கிற அதே படியில் நிற்பது. ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கே வந்து பரீட்சை எழுதி, பயிற்சி முடித்த நம்மவர்கள் பலரும் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே எம்.டி. என்று பார்த்தவுடன் ஸ்பெஷலிஸ்ட் என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் எதில் பயிற்சி பெற்றார் என்பது வேறு வரியில் இருக்கும், அதற்குப் பிறகு வருகிறேன்.

உண்மையாகவே பிரித்துப் பார்க்க வேண்டிய எழுத்துகள் வேறு. ஓ.டி. என்றால் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடிக்குப் பவர் பார்த்துக் கண் நோயையும் கவனிப்பவர், டி.ஓ.வைத் திருப்பிப் போட்ட மாதிரி இருப்பதால் அவசரத்தில் கண்ணை ஏமாற்றும். டி.சி. என்றால் கைரோபிராக்டர், முதுகெலும்பை நெட்டி முறித்துச் சரி செய்கிறவர். என்.டி. இயற்கை வைத்தியப் பட்டம். டி.பி.டி. பிசியோதெரபிஸ்ட். இவர்கள் எல்லோரையும் 'டாக்டர்' என்று கூப்பிடுவது இங்கே சகஜம், அவரவர் துறையில் அவரவர் தேர்ந்தவர்கள். ஆனால் எம்.டி., டி.ஓ. இருவரையும் போல எல்லா நோய்க்கும் பொறுப்பேற்கும் மருத்துவர்கள் இல்லை. குடும்ப டாக்டர் அலுவலகத்தில் என்.பி., பி.ஏ. என்று இருவகையினரையும் பார்ப்பீர்கள். நர்சிங்கில் மேற்படிப்பு படித்தவர் என்.பி., டாக்டரின் குழுவில் சேர்ந்து நோயாளி பார்க்கப் பயிற்சி பெற்றவர் பி.ஏ. சளி, காய்ச்சல், தொடர் மருந்து போன்றவற்றுக்கு இவர்களிடம் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

இரண்டு பட்டம் எதற்கு?

நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் ஒரு தகப்பனின் துக்கத்தில் தொடங்குகிறது.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி கூட இருந்து வைத்தியம் கற்றவர். 1864-ல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பாதரச மருந்து, ரத்தம் வடிப்பது, சாராயம், அபின் என்று இருந்த அன்றைய வைத்தியத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த மருந்துகளை நம்பிப் பயனில்லை, உடம்பின் எலும்பும் தசையும் அதனதன் இடத்தில் இருந்தால் உடம்பே தன்னைச் சரி செய்துகொள்ளும் என்ற முடிவுக்கு வந்தார். 1874-ல் அதை ஊரறியச் சொன்னார். சொந்த ஊர் முகம் சுளித்தது. 'மின்னல் எலும்பு வைத்தியர்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். புத்தூர் கட்டுக்குப் பஸ் ஏறிப் போகிற ஜனங்கள் நாம், அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்ய நமக்குச் சிரமம் இல்லை. 1892-ல் மிசௌரி மாநிலம் கர்க்ஸ்வில்லில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டில் சொன்னதில் பல விஷயம் பின்னால் நிற்கவில்லை. அவர் திட்டிய மருந்துகளும் நிற்கவில்லை. தடுப்பூசி, ஆன்டிபயாடிக், அறுவை சிகிச்சை என்று மருத்துவம் மாறியபோது ஆஸ்டியோபதிக் கல்லூரிகளும் அவற்றையெல்லாம் பாடமாக்கிக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு தரப்பும் படித்தது கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒருவரை ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் விடுவதில்லை.

அந்தச் சண்டையின் உச்சம் கலிபோர்னியா. 1962-ல் அங்கே இருந்த டி.ஓ.க்களிடம், 65 டாலர் கட்டி ஒரு சிறு வகுப்பில் உட்கார்ந்தால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஏறத்தாழ 2,000 பேர் மாறினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாறி, இன்று அர்வைன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. புதிய டி.ஓ.க்களுக்கு அந்த மாநிலத்தில் லைசென்ஸ் கிடையாது என்றும் ஆக்கினார்கள். ஆனால் 65 டாலரில் எம்.டி. ஆகிவிடலாம் என்றால், இத்தனை நாள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? கேள்வி திரும்பி வந்தது. 1974-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டி.ஓ. லைசென்ஸை மீட்டுக் கொடுத்தது. அதற்கு முன்பே 1966-ல் ராணுவம் டி.ஓ.க்களை டாக்டர்களாக எடுத்துக்கொண்டது, 1973-ல் மிசிசிப்பி கடைசி மாநிலமாக முழு உரிமை தந்தது. பைடன் அதிபராக இருந்தபோது அவருக்கு டாக்டராக இருந்த கெவின் ஓ'கானர், டிரம்ப்புக்கு 2020-ல் கோவிட் வந்தபோது டிவியில் வந்து பேசிய ஷான் கான்லி, இரண்டு பேருமே டி.ஓ.

இன்றைய படிப்பில் உள்ள வித்தியாசம்

இருவரும் நான்கு வருடக் கல்லூரிப் பட்டம் முடித்து, எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதி, நான்கு வருடம் மருத்துவம் படிக்கிறார்கள். அதன் பிறகு ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு துறையில் பெறும் பயிற்சி: குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், இன்டர்னல் மெடிசின் மூன்று வருடம், பொது அறுவை சிகிச்சை ஐந்து, நரம்பு அறுவை சிகிச்சை ஏழு. டி.ஓ. மாணவர்கள் கூடுதலாக சுமார் 200 மணி நேரம் கையால் செய்யும் சிகிச்சையைக் கற்கிறார்கள். தசை, மூட்டு, முதுகெலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நீவி, இழுத்து, அழுத்திச் சரி செய்வது. ஆஸ்டியோபதிக் மேனிபுலேட்டிவ் ட்ரீட்மென்ட் என்பதை ஓ.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லைசென்ஸ் பரீட்சையும் வேறு: எம்.டி.க்கு யூ.எஸ்.எம்.எல்.இ., டி.ஓ.வுக்குக் காம்லெக்ஸ். டி.ஓ. மாணவர்கள் பலர் இரண்டையும் எழுதுகிறார்கள், பாவம்.

ரெசிடென்சிதான் ஒருவரை டாக்டராக்குகிற இடம். முன்பு இரு தரப்புக்கும் தனித்தனி ரெசிடென்சி அங்கீகாரம் இருந்தது. 2020 ஜூலை முதல் ஒரே அமைப்பு, ஒரே அங்கீகாரம். அதாவது இன்று வெளியே வருகிற டி.ஓ. குழந்தை டாக்டரும் எம்.டி. குழந்தை டாக்டரும் ஒரே வார்டில், ஒரே சீனியர் கீழ், ஒரே இரவு டியூட்டி பார்த்து வந்தவர்களாக இருக்கலாம்.

சரி, நோயாளிக்கு என்ன ஆகிறது? 2023-ல் ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மெடிகேர் என்ற அரசு இன்ஷூரன்ஸில் இருந்த முதியவர்கள், 2016 முதல் 2019 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த சுமார் 3.3 லட்சம் சேர்க்கைகள். எம்.டி. பார்த்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 9.4 சதவீதம், டி.ஓ. பார்த்தவர்களில் 9.5. திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 15.7, 15.6. இதைப் பார்த்த பிறகும் எழுத்தைப் பார்த்து டாக்டரைத் தள்ளுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. நானே ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன் என்பது வேறு விஷயம்.

பட்டியலிலிருந்து ஆளைப் பிடிப்பது

இனி வேலைக்கு வருவோம். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் திட்டம் எச்.எம்.ஓ.வா, பி.பி.ஓ.வா என்று பாருங்கள், அட்டையிலேயே இருக்கும். எச்.எம்.ஓ. என்றால் முதன்மை மருத்துவர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், ஸ்பெஷலிஸ்டிடம் போக அவர் சீட்டு தர வேண்டும். பி.பி.ஓ.வில் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இல்லை. நீங்களே தேர்ந்தெடுக்காவிட்டால் பல நேரம் கம்பெனியே யாரையாவது ஒட்டிவிடும், அவர் 40 மைல் தள்ளி இருப்பார்.

2. கம்பெனி வெப்சைட்டில் உங்கள் திட்டத்தின் பெயரை அப்படியே தேர்ந்தெடுத்து, நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தத்தில், இருக்கிறவர்களை மட்டும் தேடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் இன்டர்னல் மெடிசின் போதும். கைக்குழந்தை முதல் தாத்தா வரை ஒரே இடத்தில் என்றால் குடும்ப மருத்துவம். குழந்தைகளுக்குத் தனியாகக் குழந்தை மருத்துவர் வேண்டும் என்று நினைத்தால் அதுவும் சரி. இந்த வடிகட்டியில் எம்.டி., டி.ஓ. என்று ஒரு கட்டம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். தொடாமல் விட்டாலே உங்கள் பட்டியல் நீளும், காத்திருக்கும் நாள் குறையும்.

3. லைசென்ஸைச் சரிபாருங்கள். இது ஐந்து நிமிட வேலை, நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மருத்துவ வாரியத்தின் தேடுபக்கம் இலவசம். பெயரைப் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று காட்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். சில மாநிலங்களில் எம்.டி.க்கு ஒரு வாரியம், டி.ஓ.வுக்குத் தனி வாரியம். கலிபோர்னியா, புளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன் எல்லாம் அப்படி. எம்.டி. வாரியத்தின் பக்கத்தில் ஒரு டி.ஓ.வின் பெயரைத் தேடினால் வராது. வரவில்லை என்றதும் 'போலி டாக்டர்' என்று நண்பருக்கு வாட்ஸப் அனுப்பியவன் நான். மிச்சிகனில் இரண்டு வாரிய லைசென்ஸையும் லாரா என்ற ஒரே துறையின் தேடுபக்கத்தில் பார்க்கலாம், லைசென்ஸ் வகையில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த மாநிலம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க, மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் டாக்இன்ஃபோ தளத்தில் இருவகையினரும் ஒன்றாகக் கிடைப்பார்கள்.

4. போர்டு சர்டிஃபிகேட். லைசென்ஸ் என்பது மருத்துவம் பார்க்கலாம் என்ற அனுமதி, போர்டு என்பது தன் துறையில் தனியாகப் பரீட்சை எழுதித் தேறியதற்கு அடையாளம். எழுத்துகளைவிட நான் மதிப்பது இதைத்தான். இதற்கும் இரண்டு கூடை உண்டு. ஏ.பி.எம்.எஸ். என்ற கூட்டமைப்பின் போர்டுகள் ஒன்று, ஆஸ்டியோபதிக் சங்கத்தின் போர்டுகள் இன்னொன்று. டி.ஓ.க்கள் இரண்டில் எதிலும் தேறியிருக்கலாம். ஏ.பி.எம்.எஸ். தளத்தில் ஒரு டி.ஓ.வின் பெயர் இல்லை என்றால் போர்டு இல்லை என்று அர்த்தமாகாது, மற்றக் கூடையில் இருப்பார். கிளினிக்கைக் கேட்டாலே சொல்வார்கள்.

5. போன் செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் பட்டியல் பழசாக இருக்கும். அதில் 'புதுப் பேஷன்ட் எடுக்கிறார்' என்று போட்டிருப்பவர் போன வருடமே வேறு ஊருக்குப் போயிருப்பார். ரிசப்ஷனில் கேட்க வேண்டியது: டாக்டர் புதுப் பேஷன்ட் எடுக்கிறாரா, என் திட்டத்தை (பெயரை முழுதாகச் சொல்லி) ஏற்கிறீர்களா, முதல் இடம் எப்போது, உடம்பு முடியாத அன்று அதே நாளில் பார்ப்பீர்களா, ரத்தப் பரிசோதனை எந்த லேபுக்கு அனுப்புவீர்கள். கடைசிக் கேள்வி முக்கியம். டாக்டர் நெட்வொர்க்குக்குள், லேப் வெளியே என்று ஆகிவிட்டால் பில் தனியாக வந்து கதவைத் தட்டும். டி.ஓ. என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: "டாக்டர் ஓ.எம்.டி. செய்வாரா?" பெரும்பாலான டி.ஓ.க்கள் அரிதாகத்தான் செய்கிறார்கள், பலர் கல்லூரியோடு விட்டுவிட்டார்கள். வேண்டும் என்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், வேண்டாம் என்பவர்கள் பயப்படவே வேண்டாம்.

முதல் விசிட்டும், கை வைத்தியமும்

முதல் விசிட்டில் எம்.டி.யிடம் போனாலும் டி.ஓ.விடம் போனாலும் ஒரே சடங்குதான். நர்ஸ் எடை, பிரஷர் பார்ப்பார், மருந்துப் பட்டியல் கேட்பார். ஊர் மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் சொல்லாமல் உள்ளிருக்கும் மருந்தின் பெயரில் எழுதிக்கொண்டு போங்கள். டோலோ 650 என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. பாராசிட்டமால் என்றாலும் முழிப்பார்கள், இங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். தடுப்பூசி அட்டை, பெற்றோரின் சர்க்கரை, இதய நோய் விவரம் இரண்டையும் எடுத்துப் போங்கள்.

கை வைத்தியத்தை நான் அனுபவித்தது என் முதல் பனிக்காலத்தில். டிரைவ்வேயில் பனி ஒரு அடி. ஊரில் மண்வெட்டி பிடித்த கைதானே என்ற தெம்பில் அள்ளினேன். நான்காவது அள்ளலில் இடுப்பில் ஏதோ பிடித்தது, நிமிர முடியவில்லை. ஏழு வார எம்.டி.யிடம் அன்று இடம் இல்லை, ஐந்து நிமிட டி.ஓ.விடம் இருந்தது.

அவர் முதலில் செய்தது எல்லா டாக்டரும் செய்வதுதான். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு சரியாக இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார், முழங்காலில் சுத்தியால் தட்டினார், காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே இப்போதைக்குத் தேவையில்லை என்றார். பிறகுதான் படுக்கவைத்து இடுப்பின் இருபுறமும் கட்டை விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. வலி சரியாக அங்கேதான், நான் சொல்லவே இல்லை. என் முழங்காலை மடக்கித் தன் கையில் வைத்து, "என் கையைத் தள்ளுங்கள், மெதுவாக" என்றார். தள்ளினேன். ஐந்து எண்ணினார். விடச் சொன்னார். விட்டதும் காலை முன்பைவிட ஒரு அங்குலம் அதிகமாகக் கொண்டுபோனார். மறுபடி தள்ளு, மறுபடி விடு. இப்படி மூன்று நான்கு தடவை. நெட்டி முறிக்கிற சத்தம் எதுவும் இல்லை. எழுந்து நின்றபோது பாதி நிமிர்ந்திருந்தேன். முழுதாக நிமிர இன்னும் பத்து நாள் ஆயிற்று.

அந்தப் பத்து நாளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது லேகிய விளம்பரமாகிவிடும். 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு ஆய்வில், இடுப்பு வலிக்காரர்களில் கை சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் 12 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள்; கை சிகிச்சை பெற்றவர்களுக்கு மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது, அவ்வளவே. 2021-ல் பிரான்ஸில் 400 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பொய்யாகக் கை வைத்ததற்கும் மெய்யாகக் கை வைத்ததற்கும் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. இடுப்புப் பிடிப்புக்கு மாத்திரையைக் குறைக்க உதவலாம் என்ற அளவில் இதை வைத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டைத் தொட்டு எதையெதையோ சரி செய்கிறோம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு ஆதாரம் மிகப் பலவீனம். ஆஸ்துமா, குழந்தையின் காது வலி என்று எதற்கெடுத்தாலும் கை வைத்தியம் போதும் என்று ஒரு டி.ஓ. சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் அப்படிப்பட்டவரைவிட, ஓ.எம்.டி. டேபிளே இல்லாத டி.ஓ.க்களைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எலும்பு தேய்மானம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, பழைய முறிவு, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் கை வைப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். கழுத்தைச் சடக்கென்று திருப்புவதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டம் எதுவாக இருந்தாலும்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று வாசலில் கோபே, அதாவது ஒரு விசிட்டுக்கு நாம் கையிலிருந்து கட்டும் பங்கு, 30 டாலர் கட்டிவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். மூன்று வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் கணக்குத் தாளில் இரண்டு வரி இருந்தது. ஒன்று டாக்டரைப் பார்த்ததற்கு, இன்னொன்று 98926 என்ற எண்ணோடு. கை சிகிச்சைக்கென்று 98925 முதல் 98929 வரை ஐந்து எண்கள் உண்டு. உடம்பில் எத்தனை பகுதியில் கை வைத்தார் என்பதைப் பொறுத்து எண் ஏறும், எண் ஏற ஏறக் காசும் ஏறும். என் இடுப்பும் அதைச் சுற்றியதும் சேர்ந்து மூன்று நான்கு பகுதிக் கணக்கில் வந்திருக்கிறது. டிடக்டபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடியாததால் அந்த வரி என் தலையில். தவறு அவர்களுடையது இல்லை, நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: "இதற்குத் தனி பில் வருமா?"

லண்டன் சொந்தங்கள் சொல்வதை இங்கே பொருத்தாதீர்கள்

என் சித்தப்பா மகள் லண்டனில் இருக்கிறாள். நான் ஆஸ்டியோபதிக் டாக்டரிடம் போகிறேன் என்றதும், "அண்ணா, அவங்க டாக்டரே இல்லையே" என்றாள். அவள் ஊரில் அவள் சொல்வது சரி. பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் 1993-ம் வருடச் சட்டப்படி தனிப் பதிவு பெற்ற கை சிகிச்சையாளர், மருந்து எழுதும் டாக்டர் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஸ்டிலின் கல்லூரியிலிருந்து கிளம்பிய கிளை அங்கே கை சிகிச்சையோடு நின்றது, அமெரிக்காவில் மட்டும் முழு மருத்துவமாக வளர்ந்தது. அதனால்தான் இங்கே உள்ளவர்கள் 'ஆஸ்டியோபத்' என்று சொல்லாமல் 'ஆஸ்டியோபதிக் மருத்துவர்' என்று அழுத்திச் சொல்கிறார்கள். சிட்னிக்கோ லண்டனுக்கோ மாற்றலாகிப் போனால் அங்கே கதை வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை மெடிக்கல் படிக்கப் போகிறாள் என்றால்

வந்த புதிதில் இது உங்களுக்குத் தேவைப்படாது. பத்து வருடத்தில் தேவைப்படும். நம் ஆட்களின் பொங்கல் விழாவில் ஒருவர் மகளுக்கு மெடிசின் கிடைத்திருக்கிறது என்றார். எந்தக் கல்லூரி என்று கேட்டதும் தொண்டையைக் கனைத்து, "அது வந்து… டி.ஓ. ஸ்கூல்" என்று குரலை இறக்கினார். சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

உள்ளதைச் சொன்னால், நுழையும் வாசலில் வித்தியாசம் உண்டு. 528-க்கு எழுதும் எம்கேட்டில் எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 511-ஐ ஒட்டி, டி.ஓ. கல்லூரிகளில் 504-ஐ ஒட்டி. வெளியே வரும் வாசலில் அந்த அளவு இல்லை. ரெசிடென்சி இடங்களைப் பங்கிடும் 'மேட்ச்' என்ற முறையில் 2024-ல் எம்.டி. கடைசி வருட மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, டி.ஓ. மாணவர்களில் 92.3. தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பு அறுவை போன்ற போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ. பாதை இன்னும் கடினம்தான், மகள் அதுதான் வேண்டும் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவமோ குழந்தை மருத்துவமோ என்றால் கவலையே வேண்டாம்.

விண்ணப்பமும் வேறு வேறு இடம். எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ், டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ், டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கு இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துத் தனித் தளம். எங்கள் மாநிலத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.டி. கல்லூரியும் உண்டு, டி.ஓ. கல்லூரியும் உண்டு, 1969-ல் பான்டியாக்கில் தொடங்கி 1971-ல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது அந்த டி.ஓ. கல்லூரி. பல டி.ஓ. கல்லூரிகள், ஒரு டி.ஓ.வுக்குப் பின்னால் நின்று அவர் நோயாளி பார்ப்பதைக் கவனித்திருக்கிறாயா, அவர் கையால் ஒரு கடிதம் உண்டா என்று கேட்கும். பொங்கல் விழாப் பெண்ணின் தம்பிக்கும் இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது. யாரிடம் போவது என்று அவன் அப்பா என்னைக் கேட்டார். என் ஐந்து நிமிட டாக்டரின் கிளினிக் நம்பரைக் கொடுத்தேன். கோடை விடுமுறையில் வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்.